கையொப்பம் இல்லாத கணக்கு

கண்டெடுத்த பெட்டிகளின் எண்ணிக்கை ஒன்றுதான் ஜியோகேஷிங் விளையாட்டில் திறமையின் அளவுகோல்; ஒழுங்கு, அனுமதி, மரியாதை என்று பேசுகிறவர்கள் எல்லாம் விளையாடத் தெரியாமல் விதி பேசும் வாத்தியார்கள் என்று ஒருவர் வாதிட்டிருக்கிறார். வாதிடுவது அவருடைய உரிமை. ஆனால் அந்த வாதத்தைத் தூக்கிவந்து எங்கள் கிழக்கிலங்கை ஒலுவில் கடற்கரையில் இறக்கி, இங்கிருந்து பொத்துவில் வரைக்கும் 161 மீற்றருக்கு ஒரு பெட்டி ஒளித்துவைத்தால் உலகமே ஓடிவரும் என்று திட்டமும் தீட்டிவிட்ட பிறகு, பதில் சொல்லும் கடமை இந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்கு வந்துவிடுகிறது. அவருடைய கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் கனமாகத் தெரிபவை, தனித்தனியே தூக்கினால் எடையில்லாதவை.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஆள்கூறுகளை அறிவிக்கிறார். இன்னொருவர் ஜீ.பி.எஸ். கருவியுடன் தேடிப் போய், கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் கையொப்பமிட்டு, பெட்டியை இருந்தது இருந்தபடி வைத்துவிட்டுத் திரும்புகிறார். பிறகு இணையத்தில் ‘கண்டேன்’ என்று பதிகிறார். கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று பதிகிறார். ஆக, ‘கண்டேன்’ என்பது ஒரு சாட்சியம்: நான் அங்கே போனேன், தேடினேன், என் கையாலேயே எழுதினேன் என்று முகம் தெரியாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. இந்த வாக்கை நீக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? பிளாஸ்டிக் டப்பாவும் ஓர் எண்ணும்தான்.

முதல் கூற்றுக்கு வருவோம். எண்ணிக்கை இந்த விளையாட்டின் பிறவிக் குணமாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பொதுமக்களுக்கான ஜீ.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே முதலாம் திகதி நள்ளிரவில் நீக்கியது. நூறு மீற்றர் வரை தடுமாறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் பத்து, இருபது மீற்றருக்குள் துல்லியம் பெற்றன. மே 3ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிறீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு அதன் ஆள்கூறுகளை அறிவித்தார். உள்ளே கொஞ்சம் பொருட்கள், ஒரு குறிப்பேடு. ஒன்றை எடு, ஒன்றை வை, எழுது. விதி அவ்வளவுதான். மைக் டீக் என்பவர் சில நாட்களுக்குள் அதைத் தேடிக் கண்டார். அன்றைக்கு உலகத்தில் இருந்ததே ஒரு வாளி. எண்ணிக்கைக்கு இடமேயில்லாத நேரத்தில்தான் இந்த விளையாட்டு பிறந்தது, எழுதவேண்டும் என்ற ஒழுங்கோ முதல் நாளிலிருந்தே கூட இருந்தது. எது பிறவிக் குணம், எது பிறகு ஒட்டிக்கொண்டது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது கூற்றில்தான் அவர் தன் காலைத் தானே வாருகிறார். ‘இது வெறும் விளையாட்டு, இதற்கு ஏன் இத்தனை சட்டதிட்டம்?’ என்று ஓர் இடத்தில் கேட்கிறார். இன்னோர் இடத்தில், ஆயிரக்கணக்கில் கண்டவரின் சாதனையைச் சில நூறுகளோடு நிற்பவர் விமர்சிக்கலாகாது என்கிறார். மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நூலை விளக்கும் காதையில் போலிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ‘சுவசன விருத்தம்’ என்பது தன் சொல்லைத் தானே மறுத்தல். தன்னைப் பெற்ற தாயை மலடி என்பவனின் பேச்சு அதற்கு உதாரணம். நமது வாதியின் நிலையும் இதுவே. வெறும் விளையாட்டு என்றால் எண்ணில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எண்ணில் பெருமை உண்டு என்றால், அந்தப் பெருமையைத் தருவது விதியைத் தவிர வேறெது? எல்லைக்கோட்டை அழித்துவிட்டு ஆறு ஓட்டங்களைக் கணக்கில் எழுதச் சொல்லும் துடுப்பாட்டக்காரரை எந்த ஊர் மைதானம் ஏற்கும்? விதியின் பலன் வேண்டும், விதியின் பாரம் வேண்டாம் என்ற ஆசைக்குத் தத்துவச் சட்டை போட்டுவிட்டிருக்கிறார், வேறொன்றுமில்லை.

மூன்றாவதாக, கிடைக்காத இடத்தில் தன் கையில் இருக்கும் டப்பாவைப் போட்டுவிட்டுக் ‘கண்டேன்’ என்று பதிவதை அவர் பெட்டிக்காரருக்குச் செய்யும் உதவி என்கிறார். உதவியா? பெட்டி உண்மையிலேயே தொலைந்துபோயிருந்தால், அதன் சொந்தக்காரருக்குத் தேவைப்படுவது ‘கிடைக்கவில்லை’ என்ற நேர்மையான ஒரு வரி. அதைப் பார்த்தால் அவர் வந்து பார்ப்பார், திருத்துவார், முடியாவிட்டால் நீக்குவார். பெட்டி தொலையாமல், தேடியவரின் கண்ணுக்குத்தான் தப்பியிருந்தால், இப்போது ஒரே இடத்தில் இரண்டு பெட்டிகள், அடுத்து வருபவருக்குக் குழப்பம். இரண்டு வழியிலும் உதவி பெறுபவர் ஒருவர்தான்: டப்பாவைப் போட்டவர். அவருடைய கணக்கில் ஒன்று ஏறிவிட்டது. உதவியின் பலன் முழுவதும் உதவியவருக்கே வந்து சேர்கிறது என்றால், அதற்கு உதவி என்று பெயர் வைப்பது எந்த அகராதியில்?

இதன் உச்சம் நெவாடா பாலைவனத்தில் நடந்தது. வேற்றுக்கிரகவாசிகளின் பெயரால் அழைக்கப்படும் 375ஆம் இலக்க மாநில நெடுஞ்சாலை ஓரமாக, விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த இடைவெளியான 161 மீற்றரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டப்பாக்களை வரிசையாக வைத்தார்கள். ஒரு நாளில் ஆயிரம் காண்பது அங்கே ஒரு சாதனையாகக் கொண்டாடப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்துநான்கு மணிநேரமும் தூங்காமல் ஓடினாலும், ஒரு பெட்டிக்குக் கிடைப்பது 86 விநாடி. வாகனத்தை நிறுத்தி, இறங்கி, எடுத்து, கையொப்பமிட்டு, வைத்து, ஏறி, அடுத்த இடம் சேர எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 86 விநாடி. அதனால்தான் ஒரு தந்திரம் பிறந்தது: முதல் பெட்டியைக் கையோடு எடுத்து வாகனத்துக்குள் வைத்தே கையொப்பமிட்டு, அதை இரண்டாவது இடத்தில் போட்டுவிட்டு, அங்கிருந்ததை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுபோவது. எந்தப் பெட்டியும் அதன் இடத்தில் இல்லை. எந்தக் குறிப்பேடும் அதன் கதையைச் சொல்லவில்லை. இடத்தைத் தேடிப்போகும் விளையாட்டிலிருந்து இடத்தையே பிடுங்கி எறிந்த பிறகு, இவர்கள் எதைக் கண்டார்கள்?

‘சிகரம் தொட்டவர்களே சில மீற்றர் கணக்கு விட்டிருக்கிறார்கள், நாங்கள் விட்டால் என்ன?’ என்று அவர் மலையேறிகளையும் துணைக்கு அழைக்கிறார். 1985இல் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் அன்னபூர்ணாவின் உச்சியிலிருந்து சுமார் 5 மீற்றர் கீழே நின்றுவிட்டார் என்று ஓர் ஆய்வாளர் வாதிட்டதும், அதை ஏற்று 2023இல் கின்னஸ் நிறுவனம் பதினான்கு எண்ணாயிரம் மீற்றர் சிகரங்களுக்கான சாதனையை அவரிடமிருந்து எடுத்ததும் உண்மை. ஆனால் இந்த எடுத்துக்காட்டு யாருக்கு எதிராகத் திரும்புகிறது? எண்ணைப் பெரிதாக மதிக்கிற ஓர் உலகம், 5 மீற்றரைக்கூட விட்டுக்கொடுக்க மறுத்தது. எண்ணுக்கு மதிப்பு வேண்டுமென்றால் கொடுக்கவேண்டிய விலை அது. மெஸ்னரோ எண்ணுக்காக ஏறியவர் இல்லை என்பதால் அந்தச் சான்றிதழ் போனதில் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. நமது வாதிக்கு மெஸ்னரின் அலட்சியமும் வேண்டும், கின்னஸின் சான்றிதழும் வேண்டும். இரண்டும் ஒரே கையில் அடங்காது.

இனி நான்காவது கூற்று. என்னைப் பேனா எடுக்கவைத்ததே இதுதான். ‘யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை எழுத, கிழக்கு மாகாணத்தின் போர்க்கால வருடங்களை மறக்கவேண்டும். தெரியாத பொருளைத் தொடாதே, மறைத்து வைத்த எதையும் எடுக்காதே என்று மிதிவெடி விழிப்புணர்வுப் பாடம் படித்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொடிய குண்டுகள் வெடித்து, ஐந்தாம் நாள், ஏப்ரல் 26ஆம் திகதி, எங்களுக்கு வடக்கே நிந்தவூரையும் காரைதீவையும் தாண்டினால் வரும் சாய்ந்தமருதில் ஒரு வீடு வெடித்தது. குழந்தைகளும் செத்தார்கள். அதன் பிறகு இந்தக் கரையோர ஊர்கள் அனுபவித்த சுற்றிவளைப்பும் சோதனையும் சந்தேகப் பார்வையும் எங்கள் வீடுகளில் இன்னும் பேச்சாக இருக்கின்றன. அப்படிப்பட்ட மண்ணில், வெளியூர்க்காரர் ஒருவர் மதகின் கீழே மூடிய டப்பா ஒன்றை ஒளித்துவைத்துவிட்டுக் கொழும்புக்கு வண்டி ஏறிவிடுகிறார். அதை ஒரு பொலிஸ்காரர் கண்டால் முதலில் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்? வைத்தவரையா, பக்கத்து வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்கும் மீனவரையா?

இது என் கற்பனைப் பயம் என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் வெதர்பி நகரில் 2011 ஜூலையில் ஒருவர் பெட்டியோடு நின்றதைக் கண்டு சந்தேகப்பட்டவர்கள் பொலிஸை அழைக்க, வீதி மூடப்பட்டு, படையினர் வந்து அந்த ஜியோகேஷிங் பெட்டியை வெடிக்கவைத்து அழித்தார்கள். வெதர்பியில் அது ஒரு நாள் செய்தியாக முடிந்தது. ஒலுவிலில் அது எத்தனை நாள் நீடிக்கும், எத்தனை வீட்டுக் கதவைத் தட்டும் என்பதைக் கணிக்க இங்கே வாழ்ந்திருக்கவேண்டும். நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், பாடசாலைக்கும் படைமுகாமுக்கும் அருகில் வைக்கலாகாது, அனுமதி பெறாமல் மண்ணைத் தோண்டலாகாது, திரும்பிவந்து பராமரிக்க முடியாத ஊரில் விடுமுறைக்குப் போனவர் பெட்டி வைக்கலாகாது என்று இந்த விளையாட்டின் விதிகளே சொல்கின்றன. வாத்தியார்த்தனம் என்று அவர் ஏளனம் செய்யும் ஒவ்வொரு விதியும் எங்கோ ஒருவர் பட்ட அனுபவத்தில் எழுதப்பட்டது.

ஐந்தாவது, சுற்றுலா. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் கரையில் 161 மீற்றருக்கு ஒன்று என்றால் சுமார் 300 பெட்டிகள். நெவாடாவின் அந்தச் சாலையில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே வெறும் பாலைதான். எங்கள் கரையில் அப்படி ஆளில்லாத 161 மீற்றர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கரைவலை இழுக்கும் இடம், தோணி ஏற்றும் இடம், பள்ளிவாசல், மையவாடி என்று ஒவ்வொன்றுக்கும் உரியவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பரில் கடல் ஏறியபோது இலங்கையில் அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. இந்த மணலில் எங்கே கிளறலாம், எங்கே கிளறக்கூடாது என்பதை வரைபடம் சொல்லாது, ஊரிடம்தான் கேட்கவேண்டும். 86 விநாடியில் அடுத்த பெட்டிக்கு ஓடுகிறவர் யாரிடம் நின்று கேட்பார்? எந்தக் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்?

இன்னொன்றையும் அவர் யோசிக்கவில்லை: அந்தப் பெட்டி நிற்க இங்கே நிலம் இருக்கிறதா? 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைகள் கடலுக்குள் நீண்ட பிறகு, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரித்துத் தென்னந்தோப்புகள் கடலோடு போயின. துறைமுக வாயிலையோ மணல் வந்து அடைத்தது. ஆள்கூறு மாறாது, ஆனால் அந்த ஆள்கூறில் இருந்த தரை இன்று அலையாக இருக்கிறது. இங்கே வரிசையாக டப்பா வைப்பது, கடலுக்குப் பிளாஸ்டிக் கொடுப்பதற்கு முன்கூட்டியே நாள் குறிப்பது. குப்பை பொறுக்குவதற்கென்று 2002 முதல் தனியாக ஒரு நிகழ்ச்சியையே வைத்திருக்கும் விளையாட்டின் பெயரால் இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது?

கடைசியாக அவர் ஆடும் துருப்புச்சீட்டு: ஒழுங்கு என்பதெல்லாம் மேற்குலகத்தின் இறக்குமதியாம். எங்கள் ஊரில் வாசலில் நின்று ஸலாம் சொல்லி, பதில் வந்த பிறகே உள்ளே கால் வைக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம், அதில் மோசம் செய்வதைப் பெரும் பாவம் என்கிறோம். காணாததைக் கண்டதாகச் சொல்வதைப் பொய்ச்சாட்சி என்கிறோம். அனுமதி, நம்பிக்கை, உண்மை ஆகிய இந்த மூன்றும்தான் அவர் எதிர்க்கும் ஒழுங்கின் முழு உள்ளடக்கம். இவை எங்களுக்கு எந்தக் கப்பலிலும் வந்து இறங்கவில்லை. வெளியிலிருந்து வந்தது எண்ணிக்கை வெறிதான். அதை நம்முடையதாக்கி, நம்முடையதை அந்நியமாக்கும் அவருடைய சாமர்த்தியத்தின் பின்னால் இருக்கும் நோக்கம் வெளிப்படை. விதி விழுந்தால் அவருடைய எண் நிற்கும். விதி நின்றால் அவருடைய எண் விழும்.

இந்த விளையாட்டு ஒலுவிலுக்கு வரட்டும், நான் மறிக்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் மீனவர் சங்கத்திடமும் காணிக்காரரிடமும் கேட்டு, பொலிஸுக்கும் அறிவித்து, உள்ளூர்ப் பிள்ளைகள் பொறுப்பெடுத்துப் பராமரிக்கும் நான்கைந்து பெட்டிகள் போதும். அலை மறித்துக் கட்டிய கல்லணையின் கதையையும், கரை போன கதையையும் வருகிறவர் ஊர்க்காரர் வாயால் கேட்டுவிட்டுப் போகட்டும். நம் வாதிக்கு ஒரு சவால் மட்டும் வைக்கிறேன். உங்கள் பட்டியலை எடுங்கள். நீங்கள் போட்ட டப்பாவை நீங்களே கண்டதையும், வாகனத்துக்குள் இருந்தபடி கையொப்பமிட்டதையும், இன்னொருவர் உங்கள் பெயரை எழுதியதையும் ஒவ்வொன்றாக அடியுங்கள். மிஞ்சும் எண்ணை வெளியிடுங்கள். அது நூறாக இருந்தாலும் பத்தாக இருந்தாலும் எழுந்து நின்று மதிப்பேன். அதை வெளியிடத் துணிவு இல்லையென்றால், திறமையின் அளவுகோல் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள்.