தலையெண்ணும் பல்கலைக்கழகங்கள்

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023-ல் 28 பட்டப்படிப்புகளுக்கும் 143 ஆசிரியர் பணியிடங்களுக்கும் ஒரே கூட்டத்தில் மூடுவிழா நடத்தியபோது, ‘ஏழை மாநிலம், வேறென்ன செய்வார்கள்’ என்று சமாதானம் சொல்ல ஆள் இருந்தது. 2025-ல் இண்டியானா சட்டமே போட்டுவிட்டது: மூன்றாண்டு சராசரியில் 15 பேருக்காவது இளநிலைப் பட்டம் தராத படிப்புகள் தனி அனுமதி பெற்றால்தான் தொடரலாம். அதே ஆண்டு கோடையில், பணத்துக்குப் பஞ்சமே இல்லை என்று எல்லோரும் நம்பிவந்த சிகாகோ பல்கலைக்கழகமும் கலை, மொழித் துறைகள் பலவற்றில் முனைவர் பட்டச் சேர்க்கையை நிறுத்தியது அல்லது குறைத்தது. ஒரு மொழி வகுப்பு நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும், அந்த வேலையைத் தொழில்நுட்பத்திடம் விட்டுவிட முடியாதா என்ற கேள்விகளும் அங்கே எழுந்தன. அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலில் ‘தொடக்கநிலை பாஸ்க்’ என்று ஒரு வகுப்பு உண்டு. தலையெண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் முதல் வெட்டு இத்தகைய வகுப்பின் மீதுதான் விழும். அந்த அளவுகோலே பொய் என்பதற்கு பாஸ்க் மொழியைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலுமாக ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் பேசும் மொழி இது. உலகின் வேறெந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்பட்டதில்லை. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி அதைப் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டியது. ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் 16 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் பாஸ்க் பேசத் தெரிந்தவர்கள் 1991-ல் நான்கில் ஒரு பங்கு. 2021 கணக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கு. முப்பதே ஆண்டுகளில் இளைஞர்களிடையே ஒரு மொழியின் பங்கு மூன்று மடங்காகியிருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் 1979-ன் தன்னாட்சிச் சாசனத்தையும் 1982-ன் மொழிச் சட்டத்தையும் காட்டிவிட்டு, பள்ளி வந்தது, மொழி வந்தது என்று முடித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கு ஆசிரியர் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஃபிராங்கோ இறந்தபோது அரசுப் பள்ளி ஆசிரியர்களில் மிகச் சிலருக்கே பாஸ்கில் பாடம் நடத்தத் தெரியும். 1981-ல் தொடங்கிய ‘இராலே’ திட்டத்தில் ஆசிரியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து பாஸ்க் கற்கவைத்தார்கள். வயதுவந்தோருக்கு மொழி கற்பிக்கும் நிலையங்களை ஒழுங்குசெய்ய 1983-ல் ‘ஹாபே’ என்ற அரசு நிறுவனம் வந்தது. அதாவது, குழந்தைகள் பேசுவதற்கு முன்னால் பெரியவர்கள் தொடக்கநிலை வகுப்பில் உட்கார்ந்து வினைத்திரிபு எழுதிப் பார்த்தார்கள். அந்த நான்கில் மூன்று பங்குக்கு அடித்தளம் அதுதான்.

அதற்கும் முன்னால் போனால் 1888. பில்பாவோவில் பாஸ்க் மொழிக்கு ஓர் ஆசிரியர் பணியிடம் உருவானது. போட்டியிட்டவர்களில் மூன்று பெயர்கள் முக்கியம்: பின்னாளில் பாஸ்க் தேசியவாதத்தின் தந்தையான சபினோ அரானா, ஸ்பெயினின் பெரும் சிந்தனையாளரான மிகேல் தெ உனமுனோ, அஸ்க்வே என்ற பாதிரியார். பணியிடம் அஸ்க்வேக்குக் கிடைத்தது. அவர் அகராதி தொகுத்தார், நாட்டார் பாடல்களைச் சேகரித்தார், 1919-ல் அமைந்த பாஸ்க் மொழிக் கழகத்தின் முதல் தலைவரானார். அந்தக் கழகம்தான் 1968-ல் அரான்சாசுவில் கூடி, கோல்தோ மிச்செலேனாவின் வழிகாட்டலில், சிதறிக் கிடந்த வழக்குகளுக்குப் பொதுவான எழுத்துத் தரம் ஒன்றை வகுக்கத் தொடங்கியது. உனமுனோவோ 1901-ல் அதே பில்பாவோவில் மேடையேறி, நவீன வாழ்வுக்கு லாயக்கில்லாத பாஸ்க் சாகட்டும் என்ற ரீதியில் பேசினார். இன்றைய தலையெண்ணிகளுக்கு அவர்தான் பாட்டனார். அவரளவு அறிவு இவர்களிடம் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

செயலியும் செயற்கை நுண்ணறிவும் மொழி கற்றுத்தந்துவிடும் என்பவர்கள் எந்தத் தொடக்கநிலை வகுப்பையும் பார்த்திருக்கமாட்டார்கள். ‘மனிதன் வந்தான்’, ‘மனிதன் ரொட்டி தின்றான்’ என்ற இரண்டிலும் தமிழில் மனிதனுக்கு மாற்றமில்லை. பாஸ்கில் வருகிறவன் ‘கிசோனா’, தின்கிறவன் ‘கிசோனாக்’. செயப்படுபொருள் குன்றா வினை வந்ததும் எழுவாய்க்கே ஓர் உருபு ஒட்டிக்கொள்கிறது. கூடவே துணைவினையும் மாறுகிறது. படத்தைத் தொட்டு விடை சொல்லும் செயலியில் இதைக் குருட்டாம்போக்கில் கடந்துவிடலாம். ஏன் என்று கேட்க ஆசிரியர் வேண்டும். பண்பாட்டுப் பாதி இன்னும் கடினம். தலைப்பையும் மெட்டையும் அந்தக் கணத்தில் கொடுத்தால் எதுகை பிசகாமல் பாடி முடிக்கும் ஆசுகவிகள் பாஸ்க் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் அவர்களுடைய இறுதிப்போட்டிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. 2022-ல் பம்ப்லோனாவில் வென்றவர் மையாலென் லுஹான்பியோ. ஒரு பாட்டின் கடைசி அடிக்கு அரங்கம் ஏன் ஆர்ப்பரித்தது என்பதை விளக்க ஆள் இல்லாமல் அது புரியாது. இயந்திரமே வரட்டும் என்றாலும், அதையும் யாரோதான் செய்ய வேண்டும். 2024-ல் வெளியான ‘லாச்சா’ என்ற பாஸ்க் மொழி மாதிரியை உருவாக்கியது பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம்தான்.

மாணவர்களே வராதபோது என்ன செய்வது என்ற வாதத்துக்கு ஒரு புள்ளிவிவரம் துணையிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆங்கிலம் அல்லாத மொழிகளைப் படிப்போர் எண்ணிக்கை 2016-க்கும் 2021-க்கும் இடையில் 16.6 சதவீதம் சரிந்தது. அதே கணக்கில் கொரிய மொழி 38.3 சதவீதம் ஏறியதை ஏனோ சொல்லமாட்டார்கள். கொரியப் பாடல்களும் தொடர்களும் அலையாக வந்தபோது, மாணவர்கள் நுழைய வகுப்பறை திறந்திருந்தது. பத்துப் பேர்கூட வராத காலத்திலேயே அதைப் பூட்டியிருந்தால், அலை வந்த பிறகு ஆசிரியருக்கு எங்கே போவது? பணம் இல்லை என்ற பேச்சு பேச்சுக்குக்கூட எடுபடாது. பல அமெரிக்க மாநிலங்களில் அரசு ஊதியப் பட்டியலில் முதலிடம் விளையாட்டுப் பயிற்சியாளருக்குத்தான். பாஸ்க் அரசின் எச்செபாரே நிறுவனம் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் பாஸ்க் கற்பிக்கக் கைகொடுக்கிறது. 22 லட்சம் மக்கள்தொகை கொண்ட ஒரு பகுதி இதைச் செய்கிறது! ஊரில் வயதுவந்தோர் வகுப்புகளுக்குப் பணம் திரட்ட, 1980-லிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை இரவுபகலாக ‘கொர்ரிகா’ என்ற தொடர் ஓட்டம் ஓடுகிறார்கள். ஒவ்வொரு கிலோமீட்டரையும் யாரோ விலைகொடுத்து வாங்குகிறார்கள். இப்படிப்பட்டவர்களிடம் போய், உங்கள் வகுப்பில் ஆறு பேர்தானே என்று கேட்பது கணக்கியல் அல்ல, அகங்காரம்.

இது ஐரோப்பாவின் மூலையிலுள்ள ஒரு மொழியின் தலைவலி என்று நாம் ஒதுங்க முடியாது. ஏ.கே.ராமானுஜன் 1960-களிலிருந்து இறக்கும்வரை கற்பித்ததும் சங்கக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதும் இதே சிகாகோவில்தான். குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற கத்தி பாஸ்கை வெட்டிய கையோடு அடுத்துத் தமிழ் வகுப்புக்குத்தான் வரும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டத் தெரிந்த நமக்கு, தொடக்கநிலை வகுப்பு இல்லாத இருக்கை வெறும் நாற்காலி என்பது தெரியாமலிருக்கக் கூடாது. இனி எந்த நாட்டில் எந்தத் தமிழ் இருக்கைக்கு நிதி கேட்டு வந்தாலும், தமிழக அரசும் புலம்பெயர்ந்த கொடையாளர்களும் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும்: மூன்றே பேர் சேர்ந்தாலும் முதலாண்டுத் தமிழ் வகுப்பு நடக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரட்டும். காசோலையில் கையெழுத்து அதற்குப் பிறகு.