தும்புத்தடியைக் கீழே வையுங்கள்



"எலிக்காய்ச்சல் வயல்காரருக்கு வாற வருத்தம். மீனும் உப்புமா இருக்கிற நமக்கு என்ன?" கல்பிட்டியிலிருந்து பாலாவி வரை இந்தக் கதையைக் கேட்டுச் சலித்துவிட்டோம். ஆசிரியர்கள் என்ற வகையில் இனியும் சும்மா இருக்க முடியாது.

எலி தருவது ஒரு நோயை மட்டுமல்ல. நாம் எலிக்காய்ச்சல் என்பது லெப்டோஸ்பைரோசிஸ். அது பக்டீரியா, சேற்றிலும் தண்ணீரிலும் தொற்றும். ஹன்டா என்பது வைரஸ். அதற்கு வயலும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். எலியின் சிறுநீர், எச்சம், எச்சில் காய்ந்து தூசியாகும். அதைச் சுவாசித்தாலே தொற்றலாம். பூட்டிக் கிடக்கும் மீன் வாடியும் வெங்காயக் கொட்டிலும் தேங்காய் ஸ்டோரும் நம் கரையில் இல்லையா?

"அது கொரியா வருத்தம்" என்று தள்ளவும் முடியாது. கொரிய யுத்தத்தில் 3,000க்கும் அதிகமான ஐ.நா. படையினரை வீழ்த்திய நோய்தான். ஆனால் இலங்கையில் ஹன்டா பற்றி லான்செட் மருத்துவ சஞ்சிகை 1988இலேயே எழுதிவிட்டது.

காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு, சிறுநீர் குறைதல் என்று இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டொக்சிசைக்கிளின் பக்டீரியாவுக்குத்தான், வைரஸைக் கொல்லாது. ஆகவே பார்மசிக் குளிசையோடு வீட்டில் படுக்காதீர்கள். வைத்தியசாலைக்குப் போங்கள், எலி நடமாடும் இடத்தில் வேலை செய்ததை டொக்டரிடம் சொல்லுங்கள்.

விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளின் கையில் தும்புத்தடியைக் கொடுத்துக் களஞ்சிய அறையைக் கூட்டவைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். அது பெரியவர்களின் வேலை. முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். கையுறை, முகக்கவசம் போடுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேல் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். காய்ந்தபடி கூட்டவே வேண்டாம். அரிசி, மாவை மூடிய வாளியில் வையுங்கள். சுவர் ஓட்டைகளை அடையுங்கள்.

கொழும்புக் குப்பை அருவக்காட்டுக்கு வேண்டாம் என்று வீதிக்கு இறங்கிய மக்கள் நாம். அது நியாயம். ஆனால் நம் சந்தைக்குப் பின்னால் நாமே கொட்டும் மீன் கழிவுக்கு எதிராக யார் இறங்குவது? சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் பேசும் சமூகம் எலிக்குச் சோறு போடலாமா?

பிரதேச சபையிடம் கேட்போம். அதற்கு முன் நம் வளவைப் பார்ப்போம்.

வாடி வைத்திருப்போருக்கும் பாடசாலைக் குழுமங்களுக்கும் பகிருங்கள்.