ஒட்டக இறைச்சியும் பரிசுச் சீட்டும்

இஸ்லாத்திற்கு முந்திய அறியாமைக் காலத்து அரபுகளிடையே ‘மைஸிர்’ என்றோர் ஆட்டம் இருந்தது. பஞ்சம் வாட்டும் குளிர்காலத்தில் வசதியுள்ளோர் கூடி, ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுப்பர். மொழியறிஞர் அஸ்மஈயின் கூற்றுப்படி இறைச்சி 28 பங்காகும். பையில் பத்து அம்புகள் இடப்படும். முதல் அம்புக்கு ஒரு பங்கு, அடுத்ததற்கு இரண்டு என ஏறி, ‘முஅல்லா’ எனப்படும் ஏழாம் அம்புக்கு ஏழு பங்கு. மற்ற மூன்றும் வெற்றம்புகள். வெற்றம்பு எவர் பெயருக்கு வந்ததோ அவர் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும்.

வென்றவர் அந்த இறைச்சியைத் தாம் உண்பதில்லை. முழுவதையும் ஏழைகளுக்கு வழங்கிவிடுவார். அதில் பெருமை கொண்டனர். ஆட்டத்தில் சேராதவனை இகழ்ந்தனர் என்று ஸமக்ஷரீ தம் ‘கஷ்ஷாஃப்’ விரிவுரையில் எழுதுகின்றார்.

திருமறையின் 2:219 ஆம் வசனத்தை இந்தப் பின்னணியோடு ஓதிப் பார்க்க வேண்டும். மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை இறைவன் மறுக்கவில்லை. ஆயினும், அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்கின்றான். பின்னர் 5:90 ஆம் வசனம் அவற்றை ஷைத்தானின் செயலென அறவே விலக்கிற்று. ஆக, பசித்தவன் வயிற்றை நிரப்பிய சூதே ஹராமாயிற்று. இதை மறந்துவிட்டு, “நல்ல காரியத்திற்குத்தானே?” என்று கேட்போர் எக்காலத்தும் உளர்.

உலக வரலாற்றில் பரிசுச் சீட்டு அந்தக் கேள்வியைத் துணையாகக் கொண்டே வளர்ந்தது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி துறைமுகங்களைச் செப்பனிடச் சீட்டு நடத்தினார். 1569 இல் குலுக்கல் நடந்தது. பிரிட்டிஷ் மியூசியத்திற்கு 1753 இல் சீட்டுப் பணமே முதலாயிற்று. அந்நாடே 1826 இல் அரசுச் சீட்டை நிறுத்திற்று. கல்கத்தா டவுன் ஹால் 1813 இல் எழுந்ததும் இவ்வழியில்தான். கேரள அரசு 1967 இல் தொடங்கி இன்றும் நடத்துகின்றது. தமிழக அரசு 1968 இல் தொடங்கிற்று. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அன்றைய முழக்கம். 1975 இல் நிறுத்தி, பின்னர் மீண்டும் தொடங்கி, 2003 இல் சீட்டு விற்பனை முழுதும் தடை செய்யப்பட்டது. இப்போது சூது கைபேசிக்குள் குடியேறியிருக்கின்றது.

அரபுகளின் ஆட்டத்தில் செல்வர் தோற்றார், ஏழை உண்டார். பரிசுச் சீட்டிலோ கூலிக்காரனும் ரிக்‌ஷா ஓட்டுபவனும் தோற்க, அந்தப் பணத்தில் பரிசும் கட்டடமும் உண்டாகின்றன. அதைவிட இது மோசமல்லவா? அதற்கே அனுமதி இல்லையெனில் இதற்கு எங்ஙனம் அனுமதி கிட்டும்?

குலுக்கலே கூடாதென்று இதனால் எண்ணிவிட வேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) பயணம் புறப்படுகையில், தம் துணைவியருள் யாரை உடன் அழைத்துச் செல்வதென்று சீட்டுக் குலுக்கியதுண்டு. இடம் குறைவாகவும் விண்ணப்பம் மிகுதியாகவும் இருக்கையில் ஹஜ் குழு ‘குர்ஆ’ போடுவதும் இவ்வகையே. அங்கே ஒருவர் பொருளை மற்றவர் விழுங்குவதில்லை. குற்றம் குலுக்கலில் இல்லை, பணயத்தில் இருக்கின்றது.

1990களில் நான் ஒரு சிற்றூரில் இமாமாக இருந்தேன். பள்ளிவாசல் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர், சீட்டில் விழுந்த பரிசிலிருந்து 10,000 ரூபாயைக் கூரைக்கென எடுத்து வந்தார். நிர்வாகிகள் மகிழ்ந்தனர். “வாங்கலாகாது” என்றேன். “ஹஜ்ரத், வீட்டுக்கா கேட்கிறோம்? அல்லாஹ்வின் வீட்டுக்குத்தானே!” என்றார் ஒரு பெரியவர்.

இந்தப் பணம் யாருடையது என்று கேட்டேன். தோற்றுப்போன சீட்டுக்களை வாங்கியவர்களுடையது. அவர்களைத் தேடித் திருப்பிக் கொடுத்தல் இயலாது. அவ்வாறான பொருளை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து, அதன் பொறுப்பிலிருந்து விடுபட வேண்டும் என்பதே நம் சட்ட நூல்களின் தீர்ப்பு. அதைக் கொண்டு பள்ளிவாசலுக்குக் கூரை போடுதல் தகாது.

அவர் சினந்து எழுந்து போனார். அவர் மனம் நொந்ததில் எனக்கு வருத்தமுண்டு. அவர் எண்ணம் நல்லதே. இரண்டு மழைக்காலம் நனைந்த பாயில் தொழுதோம். என் காதுபடவே என்னைப் பழித்தவர்களும் உண்டு. மூன்றாம் ஆண்டு, ஜமாஅத்தார் மாதம் ஐந்து, பத்து எனச் சேர்த்த சந்தாவில் ஓடு மாற்றினோம். அந்த மனிதரும் சந்தா கொடுத்தார். தம் கடையில் உழைத்த பணத்திலிருந்து.