டீன் டைட்டன்ஸ் பிறந்த இதழ் எது?

அமெரிக்க காமிக்ஸ் சேகரிப்பவர்களிடம் டீன் டைட்டன்ஸ் என்ற இளம் சூப்பர் ஹீரோ அணி முதலில் தோன்றிய இதழ் எது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: டிசி நிறுவனத்தின் 'த பிரேவ் அண்ட் த போல்ட்', 54-ஆம் இதழ், ஜூன்-ஜூலை 1964. விலைக் கையேடுகளில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பழைய இதழ்களுக்கு மதிப்பெண் போட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறார்களே, அந்த உறையின் சீட்டிலும் அதே வரிதான். 60-ஆம் இதழுக்கு 'இரண்டாவது தோற்றம்' என்று இடம் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இது தவறு என்று பல ஆண்டுகளாக நண்பர்களிடம் வாதாடி வருகிறேன். சரியாக ஓராண்டு கழித்து, ஜூன்-ஜூலை 1965 என்ற தேதியோடு வந்த 60-ஆம் இதழில்தான் டீன் டைட்டன்ஸ் முதன்முதலாகத் தோன்றியது. எதிர்த் தரப்பு சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். அதற்கு முன் 54-ஆம் இதழில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கதை பாப் ஹேனி, ஓவியம் புருனோ பிரெமியானி. ஹாட்டன் கார்னர்ஸ் என்ற சிற்றூரில் மன்றக் கட்டடம் ஒன்றை வைத்து இளவட்டங்களுக்கும் பெரியவர்களுக்கும் தகராறு. அந்த ஊருக்கு ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலாட் மூவரும் வருகிறார்கள். வந்து பார்த்தால் ஊரில் பிள்ளைகளையே காணோம். பிராம்வெல் ஸ்டிக் என்ற ஒருவன் பழைய பத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காலனி ஆட்சிக் காலத்தில் தன் முன்னோருக்கு இந்த ஊர் பட்ட கடன் அது. வாடகையாகப் பயணப் புறாவின் இறகு தர வேண்டும், தவறினால் ஊர்ப் பிள்ளைகள் அவனுக்கு வேலை செய்ய வேண்டும். பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்துபோனது. இறகுக்கு ஊரார் எங்கே போவார்கள்? மந்திரக்கோலால் சூறாவளி கிளப்பி மிஸ்டர் ட்விஸ்டராக மாறிய அவனை மூவரும் சேர்ந்து அடக்குகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை. ஹேனியின் கற்பனை அந்த இறகில் எப்படி வேலை செய்திருக்கிறது பாருங்கள். ஆனால் 'டீன் டைட்டன்ஸ்' என்ற சொல் அந்த இதழில் எங்குமே கிடையாது. மூன்று பேர், மூன்று பெயர்கள், ஒரு சாகசம்.

எதிர்த் தரப்பின் முதல் வாதம் இது: "ஆட்கள் அதே ஆட்கள், எழுதியவர் அதே ஹேனி, வரைந்தவர் அதே பிரெமியானி. பிறகு என்ன வேண்டும்?" கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரிகை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மறந்தால்தான் இப்படிப் பேச முடியும். 50-ஆம் இதழிலிருந்து 'பிரேவ் அண்ட் த போல்ட்' தனித்தனி நாயகர்களை ஒரு கதைக்குள் சேர்த்துவிடும் பத்திரிகையாக மாறியிருந்தது. 50-இல் கிரீன் ஆரோவும் மார்ஷியன் மேன்ஹன்டரும். 51-இல் அக்வாமேனும் ஹாக்மேனும். 52-இல் சார்ஜன்ட் ராக் உள்ளிட்ட மூன்று போர்க்கதை நாயகர்கள். 53-இல் ஆட்டமும் ஃப்ளாஷும். அந்த வரிசையில் அடுத்து வந்ததுதான் 54: பெரிய நாயகர்களுக்குப் பதிலாக மூன்று இளைய துணைவர்கள். 55-இல் மெட்டல் மென்னோடு ஆட்டம் என்று வரிசை அதே போக்கில் தொடர்ந்தது. 52-ஆம் இதழிலும் மூன்று பேர் ஒன்று சேர்ந்துதான் சண்டை போட்டார்கள். அதை ஓர் அணியின் பிறப்பு என்று யாரும் கொண்டாடுவதில்லை. 54-க்கு மட்டும் அந்த மரியாதை எதற்கு? பின்னால் நடந்தது நமக்குத் தெரியும், அதனால்தான். 1964-இல் கடையில் அந்த இதழை வாங்கிய பையனின் கண்ணுக்கு அங்கே ஓர் அணி தெரிந்திருக்க வழியில்லை.

இதே கேள்வி டிசியின் வரலாற்றில் முன்பே ஒருமுறை எழுந்து, எல்லோரும் ஒத்துக்கொண்ட விடையும் கிடைத்திருக்கிறது. 1940-இல் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' தொடங்கியது. முதல் இரண்டு இதழ்களிலும் பல நாயகர்கள் ஒரே அட்டைக்குள் வந்தார்கள், ஆளுக்கொரு கதையாக. மூன்றாவது இதழில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். உலகின் முதல் சூப்பர் ஹீரோ அணி தோன்றிய இதழ் எது என்றால் இன்று எல்லோரும் சொல்வது அந்த மூன்றாவது இதழைத்தான். முதல் இதழிலேயே ஃப்ளாஷ் இருந்தாரே, ஹாக்மேன் இருந்தாரே என்று யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. அங்கே அதே பக்கங்களில்கூடச் சேரவில்லையே, 54-இல் ஒரே கதைக்குள் சேர்ந்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே கதைக்குள் சேர்ந்ததற்குத்தான் மேலே சொன்ன 50 முதல் 53 வரையிலான இதழ்கள் பதில்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. "பெயர் என்ன பெரிய விஷயம்? குழந்தை பிறந்த பிறகுதானே பெயர் வைக்கிறோம்?" இதற்கு எனக்கு விடை தெரியாமல் சில காலம் திணறியிருக்கிறேன். பிறகு தெளிந்தது. ஓர் ஆளுக்கு உடம்பு உண்டு. பெயர் வைக்கும் முன்பே அந்த உடம்பு தொட்டிலில் கிடக்கிறது. அணிக்கு அப்படி உடம்பு ஏது? 'நாம் இனி ஓர் அணி' என்று சேர்ந்தவர்கள் கருதுவதும், பார்ப்பவர்கள் அவர்களை அப்படி அறிவதும்தான் அணி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சில தனி ஆட்கள். சாலையில் நின்றுபோன பேருந்தை நாலு பேர் இறங்கித் தள்ளுகிறோம். வண்டி கிளம்பியதும் அவரவர் இருக்கைக்குப் போய்விடுகிறோம். அந்த நாலு பேரும் ஒரு சங்கம் ஆகிவிடுவதில்லை.

மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்' முதல் இதழை இங்கே இழுப்பார்கள். செப்டம்பர் 1963. அதில் சண்டையெல்லாம் முடிந்த பிறகு, கதையின் கடைசியில்தான் வாஸ்ப் அந்தப் பெயரைச் சொல்கிறாள். சரி, அது என் கட்சிக்குத்தான் பலம். சேர்ந்தே இருப்போம் என்ற முடிவும் பெயரும் ஒரே இதழுக்குள் வந்துவிட்டன, அதனால் அந்த இதழே முதல் தோற்றம். பெயர் கதையின் தொடக்கத்தில் வந்ததா முடிவில் வந்ததா என்பது எனக்குப் பொருட்டே இல்லை.

60-ஆம் இதழைப் பாருங்கள். மிட்வில் என்ற இன்னொரு ஊர், உடல் உறுப்புகள் தனித்தனியே பிரிந்து இயங்கும் ஒரு வில்லன். கதையாக எடுத்துக்கொண்டால் 54 அளவுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இங்கே டீன் டைட்டன்ஸ் இருக்கிறார்கள். பெயர் இருக்கிறது. அந்த மூவரோடு நான்காவதாக ஒண்டர் கேர்ள் இருக்கிறாள். இதன் பிறகே எல்லாம் மளமளவென்று நடந்தது: நவம்பர்-டிசம்பர் 1965-இல் 'ஷோகேஸ்' 59-ஆம் இதழ், ஜனவரி-பிப்ரவரி 1966-இல் சொந்தப் பத்திரிகை. 54-க்குப் பிறகு ஓராண்டு வரை எதுவுமே நடக்கவில்லை. 60-க்குப் பிறகு ஏழே மாதத்தில் அணி தனிக்குடித்தனம் போய்விட்டது.

மூன்றாவது வாதம்: "டிசியே 54-இலிருந்துதானே தொகுப்பைத் தொடங்குகிறது?" உண்மை. நானும் இந்தக் கதைகளை முதலில் படித்தது கறுப்பு வெள்ளையில் வந்த கனமான தொகுப்பு நூலில்தான். மிஸ்டர் ட்விஸ்டர் கதையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அடுத்த தாளிலேயே 60-ஆம் இதழின் கதை தொடங்கிவிடும். நடுவில் ஓராண்டு ஓடியதும், மெட்டமார்ஃபோ அறிமுகமான 57 உட்பட ஐந்து இதழ்கள் வந்துபோனதும் அங்கே தெரியவே தெரியாது. இரண்டும் ஒரே மூச்சில் எழுதியவை போலத் தோன்றும். இந்தத் தவறு வேரூன்றியதற்குத் தொகுப்பு நூல்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே டிசி 'ஆல் ஸ்டார்' இதழ்களைத் தொகுத்தபோது முதல் தொகுதியை மூன்றாவது இதழிலிருந்துதான் தொடங்கியது. விட்டுப்போன முதல் இரண்டு இதழ்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தனியே போட்டபோது அதற்குக் கொடுத்த தொகுதி எண் பூஜ்ஜியம். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. 54-ஆம் இதழுக்கும் அந்தப் பூஜ்ஜியமே பொருத்தம். ஒன்றுக்கு முன்னால் நிற்பது, மதிப்புள்ளது, ஆனால் ஒன்று ஆகிவிடாதது.

இன்னொன்றும் உண்டு. பிப்ரவரி 1978-இல் 'டீன் டைட்டன்ஸ்' பத்திரிகை நின்றுபோனது. அந்தக் கடைசி இதழில், 53-ஆம் எண்ணில், அணி எப்படித் தொடங்கியது என்று டிசி ஒரு கதை சொன்னது. அதில் தொடக்கமாக வருவது மிஸ்டர் ட்விஸ்டர் விவகாரம் இல்லை. தவறான வழியில் திருப்பப்பட்ட தங்கள் மூத்த நாயகர்களை எதிர்த்து ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலாட், ஒண்டர் கேர்ள், ஸ்பீடி ஐவரும் ஒன்று சேர்கிறார்கள். ஆக, நிறுவனத்தின் சொல்லை வேதவாக்காக எடுப்பதானால் அதுவும் ஒரே சொல்லாக இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைப் பிரித்துவிட வேண்டும். தோற்றம் வேறு, பிறப்புக் கதை வேறு. ஜஸ்டிஸ் லீக் முதலில் தோன்றியது 'பிரேவ் அண்ட் த போல்ட்' 28-ஆம் இதழில், பிப்ரவரி-மார்ச் 1960. அங்கே வரும்போதே அது நிலைபெற்ற அணி. அவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்ற கதை பிப்ரவரி 1962-இல், அவர்களுடைய சொந்தப் பத்திரிகையின் 9-ஆம் இதழில்தான் வந்தது. கதைக்குள் எது முன்னால் நடந்தது என்பது ஒரு கணக்கு, வாசகன் கையில் எது முன்னால் வந்தது என்பது வேறு கணக்கு. 54-ஐ டைட்டன்ஸின் முன்கதை என்று சொல்லுங்கள், மனமார ஒப்புக்கொள்கிறேன். 'முதல் தோற்றம்' என்ற சொல்லை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

சந்தை என்ன சொல்கிறது என்பது நான்காவது வாதம். இதில் அதிக நேரம் செலவிட ஒன்றுமில்லை, ஏனென்றால் சந்தை தன் விதியைத் தானே மீறுகிறது. மார்வெலின் டிஃபெண்டர்ஸ் அணிக்கு முதல் தோற்றம் டிசம்பர் 1971-இல் வந்த 'மார்வெல் ஃபீச்சர்' முதல் இதழ் என்று அதே கையேடுகள் சொல்கின்றன. அதே ஆண்டின் தொடக்கத்தில் 'சப்-மரினர்' 34, 35-ஆம் இதழ்களில் நேமோரும் ஹல்க்கும் சில்வர் சர்ஃபரும் சேர்ந்து போராடியதை முன்னோட்டம் என்றுதான் குறிக்கிறார்கள். ஆட்கள் சேர்ந்தாலே போதும் என்றால் அந்த இதழ்களுக்கு அல்லவா கிரீடம் போயிருக்க வேண்டும்? டிஃபெண்டர்ஸுக்கு ஒரு நீதி, டைட்டன்ஸுக்கு ஒரு நீதி. 54 விலை ஏறியதற்குக் காரணம் அந்தச் சீட்டு, சீட்டுக்கு ஆதாரம் பழைய கையேடு, கையேட்டை மாற்றாததற்குக் காரணம் ஏறிப்போன விலை. இந்தச் செக்கு எத்தனை காலம் சுற்றினாலும் அது சான்று ஆகாது.

சொந்தப் பத்திரிகையின் முதல் இதழைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கார்ட்டூன் தொடரில் பார்த்த ஸ்டார்ஃபயர், ரேவன், சைபார்க் எல்லோரும் முதலில் வந்தது அக்டோபர் 1980-இல், 'டிசி காமிக்ஸ் பிரசென்ட்ஸ்' 26-ஆம் இதழுக்குள் இலவச இணைப்பாகச் செருகிய 16 பக்கங்களில். மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் படைத்த அந்தப் புதிய அணியின் முதல் தோற்றம் அந்த இணைப்புத்தான். அங்கே அணி அணியாகவே வந்து நின்றது.

இவ்வளவு வாதாடுவதற்கு விலையோ பட்டியலோ காரணமில்லை. ஒண்டர் கேர்ள்தான் காரணம்.

அந்தப் பெண் ஒரு குழப்பத்தில் பிறந்தவள். ஒண்டர் வுமன் கதைகளில் 'ஒண்டர் கேர்ள்' என்றால் ஒண்டர் வுமனாகிய டயானாவின் சிறுவயது உருவம். ஹேனி அவளைத் தனிப் பெண்ணாக எடுத்துத் தன் அணியில் சேர்த்துவிட்டார். யார் இவள், எங்கிருந்து வந்தாள் என்பதற்கு நான்கு ஆண்டுகள் பதிலே இல்லை. 1969-இல் 'டீன் டைட்டன்ஸ்' 22-ஆம் இதழில் வுல்ஃப்மேனும் கில் கேனும் அவளுக்கு ஒரு வரலாறு கொடுத்தார்கள்: தீப்பிடித்த கட்டடத்திலிருந்து ஒண்டர் வுமன் காப்பாற்றிய அநாதைக் குழந்தை. டோனா ட்ராய் என்ற பெயரும் அங்கேதான் வந்தது. அதற்குப் பிறகும் அவள் வரலாற்றைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார்கள். அவளைப் பற்றி யாரும் மாற்றாமல் விட்ட தகவல் ஒன்றே ஒன்று: டீன் டைட்டன்ஸ் என்ற பெயர் முதன்முதலாக அச்சேறிய நாளில் அவள் அந்த அணியில் இருந்தாள். 54-ஐ முதல் தோற்றம் ஆக்கினால் அதுவும் போய்விடுகிறது. மூன்று பையன்கள் தொடங்கிய அணியில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவள் ஆகிவிடுகிறாள். 60-ஐ முதல் தோற்றமாக எடுத்தால், ராபினுக்கு இருக்கும் அதே உரிமையோடு அவளும் நிறுவனர்.

பட்டியல் தயாரிப்பவர்களுக்கும் சீட்டு எழுதுபவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியதுதான். 54-க்கு நேரே 'ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலாட் முதன்முறை ஒன்று சேர்ந்தது. டைட்டன்ஸுக்கு முன்கதை' என்று எழுதுங்கள். அது அந்த இதழுக்கு எந்தக் குறைவும் இல்லை. டீன் டைட்டன்ஸ், முதல் தோற்றம்: 'த பிரேவ் அண்ட் த போல்ட்', எண் 60, ஜூன்-ஜூலை 1965. உறுப்பினர்கள் நால்வர்.