படகு வாங்கினால் போதுமா?

வாசுதேவநல்லூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே பார்த்தால் சங்கரன்கோவில் வரை கரிசல். கடலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் தூத்துக்குடிக்கு நூறு கிலோ மீட்டருக்கு மேல் பஸ்சில் போக வேண்டும். "கடலில் ரோந்து சுற்ற அதிவேகப் படகுகள்" என்று செய்தி வந்தால் இந்தப் பக்கத்துக்காரர்கள் பேப்பரைப் புரட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். அது ராமேசுவரத்து ஆட்கள் பாடு, நமக்கென்ன என்று.

சம்பந்தம் இருக்கிறது. பீடி இலையில் இருக்கிறது!

தென்காசி மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். இலை வடக்கே மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் இருந்து வருகிறது. அதே இலைதான் தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் மூட்டை மூட்டையாகப் படகேறி இரவோடு இரவாக இலங்கைக்குப் போகிறது. அங்கே இறக்குமதி வரி அதிகம். வரி கட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் கொழுத்த லாபம்.

இலை மட்டும்தானா? 2020-ல் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டது. உடனே விரலி மஞ்சளும் கடத்தல் சரக்காகிவிட்டது. அண்ணாச்சி கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற மஞ்சளைக் கடற்கரை மணலில் போலீசார் மூட்டையாக மடக்கிப் பிடித்தார்கள். கடல் அட்டை கதை இன்னும் வேடிக்கை. 2001-ல் இருந்து இந்தியாவில் அதைப் பிடிப்பதே குற்றம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், லைசென்ஸ் வாங்கினால் தொழில்!

போகிற படகு வெறும் படகாகவா திரும்பும்?

2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே ஒரு படகை அதிகாரிகள் விரட்டினார்கள். படகில் இருந்தவர்கள் பார்சலைக் கடலில் எறிந்துவிட்டார்கள். கடலோரக் காவல் படையின் முக்குளிப்பு வீரர்கள் தேடி எடுத்தபோது உள்ளே இருந்தது 17.74 கிலோ தங்கம். மதிப்பு சுமார் 10½ கோடி ரூபாய். நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதே கடலில் மறுபடியும் 32 கிலோவுக்கு மேல் பிடிபட்டது. மதிப்பு சுமார் 20 கோடி. அதிலும் ஒரு பங்கு கடலுக்கு அடியில் இருந்துதான் கிடைத்தது.

பிடிபட்டது இது. பிடிபடாதது எவ்வளவோ! சங்கரன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் வரி கட்டி, பில் போட்டு நகை விற்கிற வியாபாரிக்கு இது எதிர் வரிசையில் திறந்த போட்டிக் கடை மாதிரி.

தங்கமாவது பெட்டிக்குள் கிடக்கும். 2020 நவம்பரில் தென்கோடிக் கடலில் கடலோரக் காவல் படை ஒரு இலங்கைப் படகை மடக்கித் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தது. படகின் காலி எரிபொருள் தொட்டிக்குள் கிட்டத்தட்ட 100 கிலோ ஹெராயின். கூடவே 5 கைத்துப்பாக்கிகள். அந்தச் சரக்குக்கு ஊர் எல்லை தெரியுமா, கடற்கரை ஊர், கரிசல் ஊர் என்று பேதம் தெரியுமா?

ஆகவே வேகமான படகு வேண்டும். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. வாங்கின பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

மும்பையும் அதற்குப் பிறகும்

இந்தியக் கடலோரக் காவல் படை பிறந்ததற்கே கடத்தல்தான் காரணம். எழுபதுகளில் தங்க பிஸ்கட்டும் கடிகாரமும் டிரான்சிஸ்டரும் கடல் வழியாகக் கொட்டின. கஸ்டம்ஸ்காரர்களால் மட்டும் சமாளிக்க முடியவில்லை. ருஸ்தம்ஜி தலைமையில் கமிட்டி போட்டார்கள். 1977-ல் கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களையும் ஐந்து ரோந்துப் படகுகளையும் வைத்துக்கொண்டு படை தொடங்கியது. 1978-ல் சட்டம் வந்தது.

ஆழ்கடல் அவர்கள் பொறுப்பு. கரையில் இருந்து 12 கடல் மைல் வரை, அதாவது ஏறக்குறைய 22 கிலோ மீட்டர், மாநிலக் கடலோரப் போலீசும் ரோந்து போக வேண்டும். தமிழ்நாடு இதில் முன்னோடி. 1994-லேயே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்துவிட்டது. டெல்லியின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் வந்தது 2005-ல். நாடு முழுவதற்கும் 204 அதிவேகப் படகுகள் என்று அறிவித்தார்கள்.

அறிவிப்பு வந்ததே தவிரப் படகு வரவில்லை. 2008 நவம்பர் 26 அன்று கராச்சியில் இருந்து புறப்பட்ட பத்துப் பேர் 'குபேர்' என்ற மீன்பிடி படகைக் கைப்பற்றி, மும்பை அருகே ரப்பர் படகுக்கு மாறி, சர்வ சாதாரணமாகக் கரை ஏறினார்கள். 166 உயிர்கள் போயின. 204 படகுகளில் முதல் படகு வந்து சேரத் தொடங்கியது 2009-ல்தான்!

தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை 24. பன்னிரண்டு டன் படகு 12, ஐந்து டன் படகு 12. கடலோரப் போலீஸ் நிலையங்கள் படிப்படியாக 42 ஆயின. அரசுக் கணக்கில் தமிழகக் கடற்கரை 1,076 கிலோ மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு படகுக்குச் சுமார் 45 கிலோ மீட்டர். ராஜபாளையத்தில் தொடங்கிப் புளியங்குடி தாண்டும் வரை ஒரே ஒரு ஜீப் ரோந்து சுற்றுவது போல. அதுவும் எல்லாப் படகும் எந்நேரமும் ஓடினால்! பாதிப் படகு ரிப்பேரில் நின்றால் 90 கிலோ மீட்டர் ஆகிவிடும்.

2011-ல் இரண்டாம் கட்டம். 131 நிலையங்கள், 60 படகுத்துறைகள், 225 படகுகள் என்று திட்டம் போட்டார்கள். கட்டடங்கள் எழும்பிய அளவுக்குப் படகுகள் வரவில்லை. 2020 மார்ச்சோடு அந்தக் கட்டமும் முடிந்தது.

83 கிலோ மீட்டர் வேகம்!

படகு கட்டத் தெரியாத நாடா இது? இல்லை. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் லார்சன் அண்ட் டூப்ரோ கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. அந்தக் கம்பெனி கடலோரக் காவல் படைக்கு 54 இடைமறிப்புப் படகுகள் கட்டிக் கொடுத்தது. வேகம் 45 நாட். தரைக் கணக்கில் மணிக்கு 83 கிலோ மீட்டர். நான்கு வழிச் சாலையில் பஸ் பறக்கிற வேகம், தண்ணீரில்! விசிறி கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அந்த வேகத்தில் ஓடுகிறது. பாக் ஜலசந்தி மாதிரி ஆழம் குறைந்த, மணல் திட்டு நிறைந்த கடலுக்கு இது தோதானது.

வெளிநாட்டுக்கும் கொடுத்தாயிற்று. இந்தியா தந்த 10 கோடி டாலர் கடனில் வியட்நாம் எல்லைக் காவல் படைக்கு 12 அதிவேகப் படகுகள். ஐந்தை இங்கே கட்டினார்கள், ஏழை அந்த ஊர்த் தளத்தில் கட்டினார்கள். 2022 ஜூனில் ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் நேரில் போய் ஒப்படைத்தார். பெருமைப்பட வேண்டிய விஷயம்.

விலை? 2024 ஜனவரியில் கடலோரக் காவல் படைக்கு 14 விரைவு ரோந்துக் கப்பல்கள் வாங்க மும்பை மசகான் தளத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 1,070 கோடி ரூபாய். ஒன்றுக்கு 76 கோடி. போலீஸ் படகு இவ்வளவு பெரியது அல்ல, விலையும் இவ்வளவு இல்லை. என்றாலும் உப்பு, புளி வாங்கும்போது ஜனங்கள் கட்டுகிற வரிப் பணம்தான் அது.

மாடு வாங்கியாச்சு, தீவனம் எங்கே?

படகு வாங்குவது ஒரு நாள் செலவு. டெண்டர், ஒப்பந்தம், தேங்காய் உடைப்பு, போட்டோ. மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அதோடு ஊர் மறந்துவிடும்.

அப்புறம்தான் உண்மையான செலவு ஆரம்பம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் எண்ணெய்ச் செலவு இரட்டிப்போடு நிற்காது. பல மடங்கு ஏறும். ஒதுக்கின எண்ணெய் மாதம் பாதியிலேயே தீர்ந்தால் மீதி ராத்திரிகளுக்குப் படகு கரையில்தான் கட்டிக் கிடக்கும். கடத்தல் பேர்வழிக்கு அந்தக் கணக்கு தெரியாதா? அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

பஸ் டிப்போவில் நின்றால் தூசிதான் படியும். கடலில் நிற்கிற படகு அப்படி அல்ல. உப்பு அரிக்கும். அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டும். கரைக்கு ஏற்றிச் சுரண்டாவிட்டால் வேகம் குறையும், எண்ணெய் கூடக் குடிக்கும். ஒரு சின்ன உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்காது. பைல் மேலிடம் போய், கையெழுத்தாகி, சாமான் வந்து சேருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். படகுகள் போதிய நேரம் ரோந்து போகவில்லை, ரிப்பேரில் நின்றன என்று பல மாநிலங்களைப் பற்றி மத்தியக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கைகளே சொல்லியிருக்கின்றன.

பைபர் வள்ளத்தைப் பத்துப் பேர் சேர்ந்து மணலில் இழுத்துப் போட்டுவிடலாம். பன்னிரண்டு டன் படகை இழுக்க முடியுமா? அதற்குப் படகுத்துறை வேண்டும். துறை இல்லாத ஊரில் போலீஸ் நிலையம் ஓரிடத்தில், அதன் படகு வேறிடத்தில். தகவல் வந்து, ஜீப்பில் ஏறி, துறைக்குப் போய், படகை எடுப்பதற்குள் கடத்தல் வள்ளம் பாதிக் கடல் தாண்டியிருக்கும். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் எவ்வளவு தூரம்? முப்பது கிலோ மீட்டர்தான்.

ஆள் விவகாரம் எல்லாவற்றையும்விடப் பெரியது. தரையில் லத்தி பிடித்த போலீஸ்காரரைத் திடீரென்று கடலுக்கு அனுப்பினால் முதல் அலையிலேயே குமட்டல் வரும். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. படகு ஓட்டவும் என்ஜின் பார்க்கவும் தனித் தொழில் தெரிய வேண்டும். கடற்படையிலும் காவல் படையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். மீனவ இளைஞர்களைக் கடலோர ஊர்க்காவல் படையிலும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஊர்க்காவல் படைக்காரருக்குக் கிடைப்பது தினப்படி. நீரோட்டமும் மணல் திட்டும் பரம்பரையாகத் தெரிந்த பையன், உயிரைப் பணயம் வைத்து ராத்திரிக் கடலுக்குப் போகிறான். அவனை நிரந்தர போலீசாக்கிப் படகை அவன் கையில் கொடுத்தால் என்ன? கடத்தல்காரர்கள் தேடுவதும் அதே கெட்டிக்காரப் பையனைத்தான். யார் முந்துகிறார்கள் என்பதுதான் போட்டி.

மீனவர்களுக்கும் இந்தப் படகு தேவை. எல்லைக்கோட்டை நெருங்குகிற விசைப்படகை, அந்தப் பக்கத்து நேவி பிடிக்கிறதற்கு முந்தி, "அண்ணே, திரும்புங்க" என்று தமிழில் எச்சரிக்கக் கூடியது இந்தப் படகுதான். 2017-ல் ஒக்கி புயலின்போது தேட ஆள் வரவில்லை என்று குமரி மாவட்டம் கதறியது. பன்னிரண்டு டன் படகால் அந்தப் புயலில் நடுக்கடலுக்குப் போயிருக்க முடியாது. அதற்குப் பெரிய கப்பல்தான் வேண்டும். அது வேறு கணக்கு.

வாசுதேவநல்லூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாத சமாச்சாரம் அல்ல. பூலித்தேவனின் கோட்டை நின்ற ஊர் இது. 1759-ல் யூசுப்கான் பட்டாளத்தோடு வந்து மோதியும் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனான். அது மண் கோட்டைதான். உள்ளே காவலுக்கு ஆள் இருந்தான்.

ஒவ்வொரு ஆண்டும் சட்டசபையில் போலீஸ் மானியக் கோரிக்கை வருகிறது. புதுப் படகு வாங்கும் அறிவிப்பு வந்தால் மேஜையைத் தட்டுவார்கள். கடலே இல்லாத வாசுதேவநல்லூர்த் தொகுதியின் எம்.எல்.ஏ. அப்போது எழுந்து நாலு கேள்வி கேட்கலாம். ஏற்கனவே வாங்கின படகுகளில் இன்றைக்கு ஓடுகிறவை எத்தனை? போன மாதம் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் கடலில் இருந்தது? எண்ணெய்க்கும் உதிரிப் பாகத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? புதுப் படகை ஓட்டப் போகிற ஆட்களை எப்போது வேலைக்கு எடுப்பீர்கள்?