ரூ.2,260 மிச்சம் பிடிக்கப் போன கதை: வீட்டில் ஆயில் மாற்றுவது சேமிப்பா?



"காருக்கு வீட்டிலேயே ஆயில் மாத்துங்க, வருஷத்துக்கு மூவாயிரம் மிச்சம்" என்று நம்ம சேனலில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். போன வாரம் அதை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தீர்கள் என்று நிறைய பேர் கேட்டீர்கள். பதில் சிம்பிள். அதில் நான் போட்ட கணக்கு தப்பு. தப்பாகப் போட்டது ஒரு சி.ஏ. என்பதால் அதை முழுசாகத் திருத்திக் காட்ட வேண்டியது என் கடமை.

அந்த வீடியோ எடுத்தபோது என்னிடம் ஒரு பழைய ஆல்டோ இருந்தது. இரண்டு தடவை நானே ஆயில் மாற்றினேன், இரண்டு தடவையும் ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. அந்தத் தைரியத்தில்தான் பேசினேன். பிறகு ஆல்டோவை விற்றுவிட்டு, செகண்ட் ஹேண்டில் 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கினேன். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் பார்த்து வளர்ந்த ஆசை. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 பி.எஸ். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான். தாழ்வாக இருக்கும், அடியில் பிளாஸ்டிக் கவர் மூடியிருக்கும், கேட்கிற ஆயிலும் விலை கூட.

முதலில் நான் போட்ட கணக்கைப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் சொன்னது: ஆயில் 4,200, பில்டர் 750, ட்ரெயின் போல்ட் 150, லேபர் 1,500, லேபருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 270. மொத்தம் ரூ.6,870. நானே வாங்கினால் ஆயில் 3,300, பில்டர் 520, போல்ட் 150, ஆக 3,970. மிச்சம் 2,900. ஜாக்கி, ஸ்டாண்டு, பில்டர் ரெஞ்ச், டார்க் ரெஞ்ச் எல்லாம் சேர்த்து 6,400 ஆனது. அதைப் பத்து தடவைக்குப் பிரித்து, தடவைக்கு 640 கழித்தேன். நிகர மிச்சம் ரூ.2,260. தேய்மானம்கூட விடாமல் எழுதிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஆயில் இளகட்டும் என்று எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட விட்டேன். ஜாக்கி காருக்கு அடியில் நுழையவில்லை. முன் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, அப்புறம் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, அடிக் கவரைக் கழற்றுவதற்குள்ளேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. ட்ரெயின் போல்ட் முதலில் அசையவே இல்லை. பலம் கொடுத்ததும் ஒரேயடியாகச் சுழன்று கையோடு வந்துவிட்டது. சூடான ஆயில் மணிக்கட்டில் பட்டது, கையை உதறினேன், போல்ட் பேசினுக்குள் விழுந்தது. (பேசின், அம்மா துணி ஊற வைப்பது. இன்றுவரை அதற்கு மாற்று வாங்கித் தரவில்லை.) சூடான ஆயில் ஆரம்பத்தில் வேகமாக வளைந்து தள்ளிப் போய் விழும், போகப் போக நேராகக் கீழே இறங்கும். பேசினை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் மணிக்கட்டை ஊதிக்கொண்டிருந்தேன். ஒரு அரை டம்ளர் தரையில் போனது. இதெல்லாம் சின்ன விஷயம்தான், துடைத்துவிடலாம்.

பெரிய விஷயம் பில்டர். பழைய பில்டரைக் கழற்றினால் அதன் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் கூடவே வர வேண்டும். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் சில சமயம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நான் பார்க்கவில்லை. புது பில்டரை அதன் வளையத்தோடு அப்படியே ஏற்றினேன். ரப்பர் மேல் ரப்பர். கையால் முறுக்கும்போது நன்றாக இறுகின மாதிரியே தெரியும். எஞ்சின் ஓடி ஆயில் பம்ப் அழுத்தம் கொடுத்ததும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி வழி விட்டுவிடும். உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த பழைய தவறு இது. அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் சரி. அரை நிமிஷத்தில் ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது, நிறுத்திவிட்டு இறங்கினேன். புது ஆயிலில் பாதிக்கு மேல் போர்ட்டிகோவில் கிடந்தது. டைல்ஸ் சரிவு கேட்டைப் பார்த்து. கேட்டுக்கும் காருக்கும் நடுவில் என்ன இருக்கும்? நம்ம சென்னை வீடுகளில் எது இருக்குமோ அதுதான்: தண்ணீர் சம்ப். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்கும் சம்ப் என்றுதான் பெயர். அந்த சம்ப்பில் இருக்க வேண்டியது இந்த சம்ப்புக்குள் மூடி ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே ஹவுஸ் ஓனர் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் அதே சம்ப்தான், 8,000 லிட்டர், அன்று பாதி இருந்தது. ஓனர் எச்.வி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கத்தியதில் இறங்கி வந்தார், ஒரு நொடி பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய் முதலில் மோட்டார் சுவிட்சை அணைத்தார். அது ஆட்டோமேட்டிக், மேல் தொட்டி குறைந்தால் தானாக ஓடும். ஆயில் தண்ணீரில் மிதக்கும், ஃபுட் வால்வு அடியில் இருக்கும், அதனால் மேல் தொட்டி தப்பித்தது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, நாங்க டாங்கிக்கு ஆயில் மாத்தினவங்க. கீழ ட்ரே விரிக்காம பில்டர்ல கை வைக்க மாட்டோம்."

"சாரி சார்."

"சாரி இருக்கட்டும். சாயந்திரம் பேத்திக்குப் பால் எந்தத் தண்ணில காய்ச்சுறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கிறது.

அன்றைக்கு மீதிப் பொழுது முழுக்க வாளியும் பழைய லுங்கியும்தான். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, எண்ணூர்க் கரையில் ஆட்கள் வாளியால் எண்ணெய் அள்ளினார்கள் அல்லவா? அதை டிவியில் பார்த்து நானும் கிண்டல் அடித்தவன்தான். மிதக்கிற எண்ணெயை அள்ளுவது எப்படிப்பட்ட வேலை என்று சம்ப்புக்குள் தலையை விட்டபோதுதான் புரிந்தது. நாம் அள்ள அள்ள அது ஒதுங்கிப் போகும். மேல் படலத்தை எடுத்த பிறகும் வாடை போகவில்லை. ஆட்கள் வந்து காலி செய்து, தேய்த்துக் கழுவி, தண்ணி லாரி வந்து நிரப்ப மறுநாள் மாலை ஆகிவிட்டது.

இப்போது திருத்திய கணக்கு. மறுபடி ஆயில் 3,300, பில்டர் 520, பட்டாபிராமிலிருந்து வந்த மெக்கானிக்குக்கு 800, சம்ப் சுத்தம் 3,500, தண்ணி லாரி 1,800, இரண்டு வீட்டுக்கும் கேன் தண்ணீர் 400, மரத்தூளும் சோப்பு ஆயிலும் 350. மொத்தம் ரூ.10,670. மிச்சம் பிடித்த 2,260-ஐக் கழித்தால் நஷ்டம் ரூ.8,410.

சிலர் உடனே கேட்பீர்கள்: "சார், பத்தாயிரத்துக்கு ரெண்டாயிரத்து சொச்சம்னா, அஞ்சு தடவையில ஒரு தடவைக்குக் கம்மியா சொதப்பினா லாபம்தானே?" எண் சரி. ஆனால் அந்த 10,670 என்பது நான் அதிர்ஷ்டசாலியாக இருந்ததால் வந்த தொகை. மோட்டார் ஓடியிருந்தால் மேல் தொட்டியும் பைப்பும் சேர்ந்து போயிருக்கும். சிவப்பு லைட்டை இன்னும் ஒரு நிமிஷம் பார்க்காமல் இருந்திருந்தால் எஞ்சினே போயிருக்கலாம். இன்சூரன்ஸ் காப்பாற்றுமா? மோட்டார் பாலிசியில் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கு கவர் கிடையாது. எஞ்சின் புரொடெக்ட் வாங்கியிருந்தாலும், நீங்களே பில்டரைத் தப்பாக மாட்டியதற்கு யாரும் கிளெய்ம் கொடுக்க மாட்டார்கள். லாபத்துக்கு 2,260 என்று உச்சவரம்பு இருக்கிறது, நஷ்டத்துக்கு வரம்பே இல்லை. இதே அமைப்பில் யாராவது ஒரு முதலீட்டுத் திட்டம் கொண்டு வந்தால், ஓடிப் போங்கள் என்று இதே சேனலில் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று எனக்கு அதைவிட உறுத்துகிறது. மிச்சம் வந்திருந்தால் அது என் பாக்கெட்டுக்கு. ரிஸ்க்கில் பாதி மாடி வீட்டுக்காரருக்கு. அவரிடம் நான் கேட்கவே இல்லை. அந்த வீடியோவில் இது ஒரு வரிகூட இல்லை.

கடை, கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கார் தொழில் கணக்கில் இருந்தால் லேபர் பில் செலவாக எழுதலாம். சாதாரணக் காருக்கு ரிப்பேர் ஜிஎஸ்டியில் இன்புட் கிரெடிட் கிடைக்காது, அதனால் 1,770 முழுவதும் செலவு. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் தவிர்த்து நிஜச் சுமை 1,239 ரூபாய்தான். உங்கள் சொந்த உழைப்புக்கு நீங்களே பில் போட்டுக் கழிக்க முடியாது.

பழைய ஆயிலை என்ன செய்வது என்பதையும் அந்த வீடியோவில் "பழைய பேப்பர் கடையில் கேளுங்கள்" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதுவும் தப்பு. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பவர்களுக்கும் வந்திருக்கிறது. ஆனால் நம்ம ஊரில் கருப்பு ஆயில் போகும் இடம் நமக்குத் தெரியும்: சென்ட்ரிங் பலகையில் பூசுவார்கள், கரையானுக்குக் கதவில் தடவுவார்கள், மீதி கால்வாயில். ஒரு தடவை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. எங்கள் சம்ப் முழுசாக நிரம்பினாலும் சுமார் 2,100 கேலன்தான். நான் அள்ளியதையெல்லாம் கேனில் பிடித்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரித்து அனுப்பும் அம்பத்தூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒர்க்‌ஷாப்பில் மாற்றினால் இந்தத் தலைவலி அந்த லேபருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அப்போ யாருமே வீட்டில் ஆயில் மாற்றக்கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். காற்றில் குளிரும் பழைய போர்ஷ 911-க்கு ஆயில் டேங்க் தனி, எஞ்சின் தனி, இரண்டிலும் ட்ரெயின் போல்ட் உண்டு, மொத்தம் பத்து லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். ஒன்றை மட்டும் வடித்துவிட்டு முழு அளவை ஊற்றி, பொங்க வைத்து, துடைத்து, அடுத்த வருஷமும் அதையே ஆசையாகச் செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது பொழுதுபோக்கு, அதற்குக் காசு செலவழிப்பதில் தப்பில்லை. புகாட்டி வேய்ரானுக்கு 16 ட்ரெயின் போல்ட், ஒரு ஆயில் மாற்றத்துக்கு 20,000 டாலருக்கு மேல் என்று கார் பத்திரிகைகள் எழுதுகின்றன. அதை மிச்சம் பிடிக்க யாரும் போர்ட்டிகோவில் படுப்பதில்லை. உங்களுக்கு ஆசை இருந்தால் பட்ஜெட்டில் "பொழுதுபோக்கு" தலைப்பில் எழுதுங்கள், சினிமா, டூர் எழுதுகிற அதே இடத்தில். சேமிப்பு என்று எழுதாதீர்கள். அடியில் ட்ரே விரியுங்கள், பழைய வளையம் வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள், சம்ப் மூடியைச் சுற்றி மண் கட்டுங்கள், வாடகை வீடென்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் ஓனர் இப்போது சம்ப் மூடியைச் சுற்றி ரப்பர் பீடிங் போட்டுவிட்டார். 450 ரூபாய் பில்லை எதுவும் சொல்லாமல் என் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்.