பூட்டிய முதலுதவிப் பெட்டி



எங்கள் வட்டாரத்துக் கல் உடைக்கும் கிரஷர் ஒன்றில் என் தம்பியின் இரண்டு விரல்கள் பெல்ட்டில் சிக்கி நசுங்கின. சுவரில் முதலுதவிப் பெட்டி இருந்தது. ஆனால் பூட்டியிருந்தது, சாவி மேனேஜரிடம், மேனேஜர் டவுனில். தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

150 தொழிலாளருக்கு ஒரு பெட்டியாவது வேண்டும், முதலுதவிச் சான்று பெற்ற ஒருவர் வேலைநேரம் முழுக்க அதற்குப் பொறுப்பாக அங்கேயே இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவே சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும், பெட்டி வேலைநேரம் முழுக்கக் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. பூட்டிய பெட்டி எந்தச் சட்டப்படியும் பெட்டியே அல்ல.

எங்கள் மாவட்டத்தின் ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுக்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். கீற்றுக் கொட்டகையில் நாலைந்து பேர் செய்யும் வேலை அது. பத்துப் பேருக்குக் குறைந்தால் சட்டத்தொகுப்பு பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. சுட்ட கையைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பதையாவது யாராவது அவர்களுக்குச் சொல்லித் தந்தார்களா?

தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் கிரஷர்களுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். முந்திரி ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் முதலுதவிப் பயிற்சி நடத்த மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டுகிறேன்.

வாசகர்,
திருமயம், புதுக்கோட்டை மாவட்டம்.